தரை உறையாதபோதும் வெண்பனி விழுவது ஏன்?

புதுவாயலில் வெண்பனி விழுவதில்லை. சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையை ஒட்டியுள்ள இந்த ஊர் கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த சமவெளி. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகள், கிழக்கே பழவேற்காடு ஏரி. மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஸ்ரீநகரில் பணிபுரிந்து திரும்பிய படைவீரரோ டொராண்டோவில் குடியேறிய தமிழரோ வேறொன்றைச் சொல்வார்கள். வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி காட்டும்போதும் அங்கே பனி விழுகிறது. மற்றொரு நாள் அதே 2 டிகிரியில் மழை பெய்கிறது. 0 டிகிரிக்கு மேல் பனிக்கட்டி உருகும் என்பது பள்ளிப் பாடம். அப்படியிருக்க, உறைநிலைக்கு மேலான காற்றைக் கடந்து பனி எப்படித் தரைக்கு வந்து சேர்கிறது?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். இது குளிர்நாட்டாருக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல. புதுவாயலில் பெய்யும் இடிமழையில் பெரும்பங்கு, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் பனியாக இருந்து உருகி வந்தது என்று கருத வலுவான சான்றுகள் உண்டு. டொராண்டோவுக்கும் புதுவாயலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பனி எந்த உயரத்தில் உருகி முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

இக்கட்டுரையில் வெண்பனி என்பது மேகத்தில் படிகமாக உருவாகி விழுவது. உறைபனி தரையிலேயே உருவாவது. ஆலங்கட்டி இடிமேகத்தில் அடுக்கடுக்காக வளர்ந்து விழும் பனிக்கட்டி.

அனக்சகோரஸ், வராகமிகிரர், பிராங்க்ளின்

கேள்வி முதலில் ஆலங்கட்டியைப் பற்றியே எழுந்தது. அரிஸ்டாட்டில் தம் வானிலை நூலின் முதற்பகுதியில், ஆலங்கட்டி நடுக்குளிர்காலத்தில் அல்லாமல் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் அதிகம் விழுவதை ஒரு புதிராகவே முன்வைத்தார். அவருக்கு முன்பே கிரேக்கச் சிந்தனையாளர் அனக்சகோரஸ் ஒரு விடை சொல்லியிருந்தார். தரையின் வெப்பம் மேகத்தை மேலே தள்ளுகிறது. தரையிலிருந்து எதிரொளிக்கும் கதிர்கள் எட்டாத உயரத்தில் குளிர் மிகுதி. அங்கே நீர் உறைகிறது என்பது அவர் கருத்து. அரிஸ்டாட்டில் இதை மறுத்தார். மிக உயரமான இடங்களில் ஆலங்கட்டி விழக் காணோமே என்பது அவருடைய தடை. சுற்றியிருக்கும் வெப்பம் குளிரை மேகத்துக்குள் நெருக்கித் திணிக்கிறது என்பது அவர் தந்த மாற்று விளக்கம்.

கருத்தில் அனக்சகோரஸ் உண்மைக்கு மிக அருகில் இருந்தார். ஆனாலும் ஒரு கோட்பாட்டைக் கண்ணால் கண்ட செய்தியைக் கொண்டு மோதிப் பார்த்த அரிஸ்டாட்டிலின் முறையில் குறை காண முடியாது. மேல்வானின் வெப்பநிலையை அளக்க அன்று வழியே இல்லை. அளவு இல்லாத இடத்தில் அவருடைய பெயரே நெடுங்காலம் சான்றாக நின்றது.

ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை வேறு திசையில் போகிறது. மேகம் கருக்கொண்டு 195 நாட்களில் மழையாகப் பிரசவிக்கும் என்பது அந்நூலின் கணக்கு. உரிய காலத்தில் பெய்யாமல் தடைப்பட்ட நீர், கறக்காமல் விட்ட பசுவின் பாலைப் போல இறுகி, ஆலங்கட்டி கலந்த மழையாக விழும் என்கிறது. இவ்விளக்கத்தில் உயரமும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. காலம் மட்டுமே இருக்கிறது. இன்றைய இயற்பியலோடு இது பொருந்தாது. ஆனால் துகள் எவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காத விடை எதுவும் நிற்காது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1784-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய வானிலைக் குறிப்பொன்று அனக்சகோரஸின் வழியைத் தெளிவாக்கியது. எல்லா நாடுகளுக்கும் மேலே எப்போதும் குளிர்காலமாகவே இருக்கும் ஒரு பகுதி உண்டு. கோடையில் தரைக்கு வரும் மழையில் பெரும்பங்கு புறப்படும்போது வெண்பனியாக இருந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1804 செப்டம்பரில் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் பாரிசிலிருந்து பலூனில் ஏறி 7,000 மீட்டரை எட்டினார். தரையில் 27 டிகிரிக்கு மேலிருந்த வெப்பம் மேலே உறைநிலைக்குக் கீழே 9.5 டிகிரியாக இருந்தது. பிராங்க்ளின் ஊகித்த குளிர்ப்பகுதியை மனிதர் ஒருவர் நேரில் அளந்துவிட்டார்.

உயரமே விடை என்போர்

காற்று மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. தரையில் 2 டிகிரி என்றால் உறைநிலை 300 மீட்டர் உயரத்திலேயே வந்துவிடும். வெண்பனிச் செதில் நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் வேகத்தில்தான் மிதந்து இறங்கும். அந்த 300 மீட்டரை அது மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அதற்குள் முழுதும் உருகாவிட்டால் தரையில் வெண்பனி. உறைநிலை உயரத்துக்குக் கீழே இறங்கிய செதில்கள் முழுதும் உருகச் சில நூறு மீட்டர் தேவைப்படும் என்பதை ஆய்வகச் சோதனைகளும் ரேடார் அளவீடுகளும் ஏறக்குறைய ஒத்துச் சொல்கின்றன. மைன்ஸ் நகரின் காற்றுச் சுரங்கத்தில் செதில்களை மிதக்கவிட்டு உருகுவதைப் பார்த்த மித்ரா, புருப்பாக்கர் குழுவின் 1990-ஆம் ஆண்டு ஆய்வு இவற்றுள் அடிக்கடி குறிக்கப்படுவது.

இதே கணக்கைத் தமிழ்நாட்டில் போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை ஏவும் பலூன்கள் காட்டும் உறைநிலை உயரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அந்த உச்சிகளில் நிற்பவருக்கும் உறைநிலை 2 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. செதில் உருகச் சில நூறு மீட்டர் போதும் என்னும்போது, நீலகிரியில் வெண்பனி விழாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. புதுவாயலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வானிலை முன்னறிவிப்பாளர்கள் நெடுங்காலம் இந்த நிலைப்பாட்டையே வாய்பாடாக்கிப் பயன்படுத்தினார்கள். 1000, 500 மில்லிபார் அழுத்த மட்டங்களுக்கு இடையேயான காற்றடுக்கு 5,280 மீட்டரைவிட மெலிந்தால் பனியை எதிர்பார்க்கலாம் என்பது அவற்றுள் பேர்போனது. காற்று குளிர்ந்தால் அடுக்கு சுருங்கும் என்பதே இதன் அடிப்படை. சென்னை வானில் இந்தத் தடிமன் பொதுவாக 5,700 மீட்டருக்கு மேல்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் எல்லைக்கோட்டில் தெரிகிறது. உறைநிலை உயரம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு நாட்களில் ஒரு நாள் பனியும் மறுநாள் மழையும் வருவதை உயரத்தால் மட்டும் விளக்க முடியாது. புதுவாயலில் ஏன் பனி விழாது என்று சொல்ல உயரம் போதும். ஸ்ரீநகரில் நாளைக்கு எது விழும் என்று சொல்ல அது போதாது.

உலர்ந்த காற்றில் நனைந்த செதில்

உயரம் விட்ட இடத்தை ஈரப்பதம் நிரப்புகிறது. இந்தக் கேள்வியின் மிகச் சுவையான பகுதியும் இதுதான் என்பேன்.

வெயிலில் வைத்த மண்பானையின் நீர் குளிர்வது, பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால். இறங்கிவரும் வெண்பனிச் செதிலுக்கும் இதுவே நடக்கிறது. செதிலின் மேற்பரப்பு உருகத் தொடங்கி நீர் படர்ந்ததும், சுற்றிலும் காற்று உலர்ந்திருந்தால் அந்த நீர் ஆவியாகிறது. பனியிலிருந்தும் நேரே ஆவி பிரிகிறது. ஒரு கிராம் பனியை உருக்க 334 ஜூல் போதும். 0 டிகிரியில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,500 ஜூல் வேண்டும். ஆக, ஒரு பங்கு ஆவியானால் ஏழு பங்கு பனி உருகாமல் காப்பாற்றப்படுகிறது. செதில் உணர்வது காற்றின் வெப்பநிலையை அல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையை.

எண்ணில் சொன்னால், காற்று 4 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டிலும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போய்விடும். அந்தக் காற்றில் செதில் உருகத் தொடங்கவே காரணம் இல்லை. காற்று 2 டிகிரியில் இருந்தால் ஈரப்பதம் 65 விழுக்காடு இருந்தாலும் அதே நிலைதான். ஈரம் நிரம்பிய காற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை. 1 டிகிரியிலேயே உருகல் விரைந்துவிடும். தொடக்கத்தில் கண்ட முரண்பாடு, அதாவது ஒரே 2 டிகிரியில் ஒரு நாள் பனியும் ஒரு நாள் மழையும் வருவது, இங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

ஜப்பானின் மட்சுவோ, சாஸ்யோ ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு உறுதியான அடித்தளம் தந்தன. தரையில் விழுந்தது பனியா, மழையா, இரண்டும் கலந்ததா என்பதை வெப்பநிலையோடும் ஒப்பு ஈரப்பதத்தோடும் சேர்த்து வரைபடமாக்கியபோது, எல்லைக்கோடு சாய்வாக விழுந்தது. காற்று உலர உலர, பனி விழக்கூடிய வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போனது.

ஆனால் ஈரக்குமிழ் அளவும் தரையில் எடுக்கப்படுவதே. தரையருகே உலர்ந்தும் 500 மீட்டர் உயரத்தில் ஈரமாகவும் காற்று இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், பொழிவு தொடரத் தொடர ஆவியாதலால் காற்றே ஈரமாகிக் குளிர்ந்தும்விடுவது. மழைப்பொழிவின் முதல் அரைமணியில் பொருந்திய விதி மூன்றாம் மணியில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் மழையாக இருந்து பிறகு பனியாக மாறும் பொழிவுகளில் சிலவற்றை இது விளக்குகிறது. எல்லாவற்றையும் விளக்குவதில்லை.

உருகும் பனி தன் வழியைத் தானே குளிர்விக்கிறது

மீதியை விளக்க வருவது மூன்றாவது நிலைப்பாடு. பனி உருகத் தேவையான வெப்பம் எங்கிருந்து வருகிறது? செதிலைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான். அப்படியானால் முதலில் இறங்கும் செதில்கள் உருகி, தங்களுக்குப் பின்னே வருபவற்றுக்குக் குளிர்ந்த பாதையைத் திறந்துவிடுகின்றன.

உருகலுக்கு இவ்வளவு வெப்பம் தேவை என்பதை ஜோசப் பிளாக் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கண்டறிந்தார். உள்ளுறை வெப்பம் எனப்படும் இதன் வலிமையைச் சென்னை நேரிலேயே கண்டிருக்கிறது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி, வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து மாதக்கணக்கில் பயணிக்கச் செய்து சென்னைக்குக் கொண்டுவந்தார். அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். உருகுவது இவ்வளவு வெப்பம் கேட்கும் வேலையாக இல்லாதிருந்தால் அந்த வணிகமே நடந்திருக்காது.

காற்றில் இதன் கணக்கு இப்படி வரும். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமமான பனி, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அது உருக 334 கிலோஜூல் வேண்டும். 100 மீட்டர் தடிமனுள்ள காற்றடுக்கின் எடை, அதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 125 கிலோ. அந்த வெப்பம் முழுவதும் இந்த அடுக்கிலிருந்தே எடுக்கப்பட்டால் காற்று இரண்டரை டிகிரிக்கும் மேல் குளிர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது சாதாரணத் தூறல்! பலத்த பொழிவில் சில மணி நேரத்தில் பல நூறு மீட்டர் ஆழமுள்ள அடுக்கு 0 டிகிரியை ஒட்டி நிலைத்துவிடும். பிறகு வருபவை உருகாமலே தரையிறங்கும்.

இத்தகைய ஒரே வெப்பநிலை அடுக்கு உருவாவதை ஜெர்மனியின் வால்டர் ஃபிண்டைசன் 1940-இல் எடுத்துக்காட்டினார். 1954-இல் அமெரிக்காவின் வெக்ஸ்லர், ரீட், ஹோனிக் ஆகியோர் இதையே தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார்கள். முன்னறிவிப்பில் மழை என்று சொல்லப்பட்ட நாளில் ஊரே வெண்மையாகிப் போகும் பழைய குழப்பங்களில் சிலவற்றுக்கு இவ்விளக்கம் பொருந்துகிறது.

இது செயல்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொழிவு வலுவாக இருக்க வேண்டும். காற்று ஏறக்குறைய நின்றிருக்க வேண்டும். பக்கவாட்டில் வெப்பக்காற்று தொடர்ந்து புகுந்தால் எடுக்கப்பட்ட வெப்பம் உடனுக்குடன் ஈடுசெய்யப்பட்டுவிடும். குறுகிய மலைப் பள்ளத்தாக்குகளில் இவ்விளைவு திறந்த சமவெளியைவிட அடிக்கடி பேசப்படுவதன் காரணம் இதுவே.

எந்த எண்ணில் கோடு போடுவது?

இயற்பியல் மூன்று விடைகளைத் தந்தபோதும் நீரியலாளர்கள் ஓர் எண்ணைத்தான் கேட்டார்கள். மலையில் விழுந்தது மழையானால் ஆற்றில் உடனே வெள்ளம்; பனியானால் கோடையில் நீர். அணையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்குக் கோட்பாட்டை விட எண்ணே உதவும்.

அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1956-இல் வெளியிட்ட வெண்பனி நீரியல் அறிக்கை, பனியும் மழையும் சம வாய்ப்புப் பெறும் வெப்பநிலையை 1 முதல் 2 டிகிரிக்குள் வைத்தது. 1974-இல் ஆவர் என்னும் ஆய்வாளர் ஏறத்தாழ ஆயிரம் பதிவுகளைத் திரட்டி அதை 2.5 டிகிரி என்றார். 6 டிகிரியைத் தாண்டினால் பனி காணப்படவில்லை என்றும் எழுதினார். கணினி மாதிரிகளிலோ 0, 1, 2 என்று ஆளுக்கொரு எண் புகுந்தது. 2018-இல் ஜென்னிங்ஸ் குழுவினர் வடகோளத்தின் நிலப்பகுதிகளிலிருந்து 1 கோடியே 78 இலட்சம் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சராசரி 1 டிகிரி. ஆனால் 95 விழுக்காடு நிலையங்களின் எல்லை உறைநிலைக்குக் கீழே 0.4 முதல் மேலே 2.4 டிகிரி வரை விரிந்திருந்தது. ஈரமான கடலோரங்களில் எண் குறைவு. உலர்ந்த உள்நாட்டு மேட்டுநிலங்களில் அதிகம். திபெத்திய மேட்டுநிலம் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. சீன வானிலை நிலையத் தரவுகளைக் கொண்டு டிங் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வும், ஈரக்குமிழ் வெப்பநிலையோடு நிலத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டால் பிழை குறைவதைக் காட்டியது.

அறுபது ஆண்டுகள் எல்லோரும் தேடிய அந்த ஒற்றை எண் இல்லை என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு என்று தோன்றுகிறது. சராசரி 1 டிகிரி என்பது உண்மையான சராசரிதான். ஆனால் லடாக்கில் அதைப் பயன்படுத்தினால் பனியை மழை என்றும், ஈரக் கடலோரத்தில் பயன்படுத்தினால் மழையைப் பனி என்றும் எழுதிவைப்போம். இமயமலையில் பிறக்கும் ஆறுகளின் வருங்காலத்தைக் கணிக்கும் மாதிரிகளில் இப்பிழை சிறியதாக இராது. பருவமழைக் காலத்தில் பனியாறுகளின் மேற்பகுதியில் விழுவது எல்லைக்கோட்டுக்கு மிக அருகிலான பொழிவு. அரை டிகிரி இப்படியோ அப்படியோ நகர்ந்தால் பனியாற்றுக்கு அது வரவா செலவா என்பதே மாறிவிடும்.

ஊட்டியும் ஆலங்கட்டியும்

தமிழ்நாட்டில் இக்கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு வேறு நிகழ்வுகள் குறுக்கே வருகின்றன. முதலாவது உதகையின் உறைபனி. டிசம்பர், ஜனவரி விடியலில் காந்தல், தலைக்குந்தா, குதிரைப்பந்தய மைதானம் ஆகிய இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலையோ 2 டிகிரி, 3 டிகிரி என்று செய்தி வரும். இங்கே எதுவும் மேலிருந்து விழவில்லை. வெப்பமானி ஸ்டீவன்சன் பெட்டிக்குள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேகமற்ற இரவில் புல் தன் வெப்பத்தை வானுக்குக் கதிராக வீசி, பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடுகிறது.

வடஇந்தியாவில் இதையே தொழிலாக்கியிருந்தார்கள். அலகாபாத் பகுதியில் ஆழமற்ற குழிகளில் வைக்கோல் போன்ற உலர்தட்டைகளைப் பரப்பி, மெல்லிய மண்தட்டுகளில் நீர் ஊற்றி, விடியலில் பனிக்கட்டி எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நீர் உறையக் காரணம் ஆவியாதலா கதிர்வீச்சா என்று விவாதம் நடந்தது. பனித்துளி பற்றிய தம் 1814-ஆம் ஆண்டு நூலில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் கதிர்வீச்சின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அத்தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

இரண்டாவது ஆலங்கட்டி. சித்திரை, வைகாசி இடிமழையில் கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் அது விழுவதுண்டு. 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விழும். உறைநிலையிலிருந்து தரைக்கு நாலைந்து நிமிடம். அதே தூரத்தைச் செதில் உருகாமல் கடப்பதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். வெயில் காயும் மண்ணில் பனிக்கட்டி வந்து விழும் புதிருக்கு இந்த வேக வேறுபாடே விடை. கடல்மட்டத்தை ஒட்டிய திருவள்ளூர்ச் சமவெளியில் கட்டி உருக இன்னும் சற்று நேரம் கிடைக்கிறது. மேட்டுநிலமான ஓசூர்ப் பக்கம் அந்த அவகாசம் குறைவு.

புதுவாயலுக்கு மேலே 5 கிலோமீட்டரில்

சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் டோர் பெர்கெரோன், கணிசமான மழை எல்லாமே பனிப்படிகமாகத் தொடங்குகிறது என்று 1930-களில் வாதிட்டார். அதிகுளிர் நீர்த்துளிகளும் பனிப்படிகங்களும் ஒரே மேகத்தில் இருந்தால், துளிகள் ஆவியாகிப் படிகங்கள் வளரும். வளர்ந்தவை விழுந்து, உருகி, மழையாகும். ஜெர்மன் அறிஞர் வெகெனர் 1911-இலேயே இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார். ஃபிண்டைசன் இதை விரிவாக்கினார்.

வெப்பமண்டலம் இதற்கு எதிர்ச்சாட்சி சொன்னது. உறைநிலையை எட்டாத மேகங்களிலிருந்தும் மழை கொட்டுவதை 1940-களில் விமானிகளும் ஆய்வாளர்களும் கண்டார்கள். அங்கே துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தே பெருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்மேற்குப் பருவமழையில் இத்தகைய வெப்பமழைக்குப் பெரும்பங்கு உண்டு. வெப்பமண்டல மழையை அளந்த டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு லௌ, வூ ஆகியோர் 2003-இல் வெளியிட்ட கணக்குப்படி, வெப்பமண்டலத்தில் மழை பெய்யும் பரப்பில் 72 விழுக்காடு வெப்பமழை. ஆனால் மழையின் அளவில் அதன் பங்கு 31 விழுக்காடுதான். பெர்கெரோன் எல்லா மழைக்கும் விதி சொன்னது மிகை. ஆனால் பெருமழைக்கு அவர் சொன்னது பெருமளவு பொருந்துகிறது.

பனி உருகும் அடுக்கை ரேடார் நேரடியாகவே காட்டுகிறது. உலர்ந்த பனி ரேடார் அலையைக் குறைவாகத் திருப்பும். நீர் நன்கு திருப்பும். உருகத் தொடங்கிய செதில், நீர் பூசிய பெரிய உருண்டையாக ரேடாருக்குத் தெரிகிறது. முழுதும் உருகியதும் சுருங்கிச் சிறு துளியாகி, ஐந்தாறு மடங்கு வேகத்தில் விழுவதால் துளிகளுக்கிடையே இடைவெளி கூடுகிறது. ஆகவே உறைநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு பளிச்சென்ற பட்டை தோன்றும். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், ஸ்ரீஹரிகோட்டாவின் ரேடார், திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார்கள் என்று, புதுவாயலைச் சுற்றியே இதைப் பார்க்கும் கருவிகள் அமைந்திருக்கின்றன. காதங்கியில் இந்த ஒளிர்பட்டையைக் கொண்டே மழையை வகைபிரிக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. பரவலான அடைமழையில் பட்டை தெளிவாகத் தெரியும். கொந்தளிக்கும் இடிமேகத்தின் நடுவில் அது கலைந்துவிடும்; அங்கே பனி இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிக்கு ஒரு பக்கக் குறிப்பு. எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேல்லே டோல் குழுவினர் 2024-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கனடா, ரஷ்யா போன்ற குளிர்நாடுகளில் உலோக ஆலை, சிமென்ட் ஆலை ஆகியவற்றின் புகைத்துகள்கள் அதிகுளிர் மேகத்தைப் பனியாக்கி, ஆலையின் கீழ்க்காற்றுத் திசையில் வெண்பனியைக் கொட்டவைப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் அவர்கள் காட்டினார்கள். இங்கே தாழ்மேகங்கள் உறைநிலைக்கு வெகு மேலான வெப்பத்தில் இருப்பதால் அதே வழியில் எதுவும் நடக்க இயலாது. இடிமேகத்தால் மேலே உறிஞ்சப்படும் ஆலைத்துகள்கள் 5 கிலோமீட்டருக்கு மேல் படிகங்களின் எண்ணிக்கையை மாற்றுகின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று யாரும் உறுதியாகச் சொல்லும் நிலை வரவில்லை.

இன்னும் முடியாதவை

மூன்று நிலைப்பாடுகளையும் போட்டியாளர்களாகக் கருதத் தேவையில்லை. உறைநிலை உயரம் முதலில் வாயிலைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. அது திறந்திருக்கும் இடங்களில் ஈரக்குமிழ் வெப்பநிலை பெரும்பாலான நாட்களை விளக்குகிறது. வலுவான, காற்றோட்டம் குறைந்த பொழிவுகளில் உருகலின் குளிர்ச்சி தீர்ப்பை மாற்றிவிடுகிறது. செதிலின் அளவும் அடர்த்தியும் இம்மூன்றிலும் ஊடாடுகின்றன; ஆனால் தரையிலிருந்து அவற்றை முன்கூட்டி அறிய எளிய வழி இன்னும் அமையவில்லை. மழையும் பனியும் கலந்து விழும் இடைநிலைக்கு நம்பகமான விதி இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகங்களின் மழைக்கும், உயர்ந்த மேகங்களில் உருகிவரும் மழைக்கும் உள்ள விகிதம் புயலுக்குப் புயல் மாறுகிறது. அதற்கு நிலையான ஓர் எண்ணைத் தருபவரை ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

வாசகர் தாமே சரிபார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பரவலான அடைமழை பெய்யும் நாளில், இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் சென்னை ரேடாரின் அதிகபட்ச எதிரொலிப்புப் படத்தைத் திறந்து, அதன் மேலும் பக்கத்திலும் இருக்கும் உயர வெட்டுப்படங்களைப் பாருங்கள். 5 கிலோமீட்டரை ஒட்டிக் கிடையாக ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால், அங்கே வெண்பனி உருகிக்கொண்டிருக்கிறது.